கண்ணின் பங்கு

நாளைக்குத் தடிஞ்சு விளக்குத் திருவிழா. அதற்குள் எங்கள் தெருப் பிள்ளைகள் வெடி கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். வெடிக்குத் தடை என்று வார்டு அலுவலகத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னால் இவர்களுக்கு உற்சாகம் இன்னும் கூடிவிடுகிறது. கடையில் உட்கார்ந்து யாருடைய கல்யாணப் படத்துக்கோ சட்டம் அறுத்துக்கொண்டிருந்தேன். புகை உள்ளே வந்தது. கருகிய மருந்து வாசனை மூக்கில் ஏறியதும் இல்லாத கண்ணில் நீர் வருகிறது என்றால் நம்புவாயா? வருகிறது. இருக்கிற கண் சும்மா இருக்கிறது, இல்லாததுதான் அழுகிறது. ரம்பத்தை வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செத்துப்போன சிநேகிதனுக்கு எழுதுகிறவன் உருகி உருகி எழுத வேண்டும். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. மழைக்கு முன்னால் தாகேதாவில் உன் வீட்டில் உடம்பைக் கிடத்தியிருந்தபோது தலைமாட்டில் நின்று மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். சுற்றி நின்றவர்கள் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

காலையில் மின்தாவின் மேனேஜர் வந்தாள். பர்மியத்தில் மின்தா என்றால் இளவரசன். சினிமாக் கதாநாயகனையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த யாங்கோனில் மின்தாக்கள் எத்தனையோ பேர். நீயும் நானும் பேசும்போது மின்தா என்றால் அவன் ஒருவன்தான். இப்போது தொப்பை போட்டு அப்பா வேடத்துக்கு வந்துவிட்டான். தடிஞ்சு அன்று என் கடைக்கு வந்து கதோ செய்ய ஆசைப்படுகிறானாம். இத்தனை வருஷமாகத் தாகேதாவுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அங்கே பெரியவர் போய்விட்டதால் இந்த வருஷம் இங்கே க்யிம்யிண்டைங்குக்கு வர நினைக்கிறார் என்று அந்தப் பெண் பவ்யமாகச் சொன்னாள்.

கதோ! தட்டில் பழமும் சோப்பும் துண்டும் வைத்துக்கொண்டு வந்து, பெரியவர் காலடியில் விழுந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையையெல்லாம் பொறுக்கச் சொல்ல வேண்டியது. பெரியவர் உட்கார்ந்தபடி, நல்லாயிரு என்று வாழ்த்தி அத்தனையையும் கழுவிவிட வேண்டியது. வாழ்த்து முடிகிறவரை விழுந்தவன் கும்பிட்ட கையை இறக்கக் கூடாது. பகோடாவுக்குப் போகிறவன், காளி கோயிலுக்குப் போகிறவன், மாதா கோயிலுக்குப் போகிறவன் என்று யாங்கோனில் எல்லாருக்கும் இது பொது வழக்கமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் மனசாட்சியைச் சலவைக்குப் போடுகிறார்கள். வெளுத்துக் கொடுக்க வேண்டியது நாம்.

வரச் சொல்லு என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

போட்டாதாங்கில் நம் சினிமாக் கம்பெனி ஆபீசுக்குப் பின்னால் உனக்கு இருந்த அறை நினைவிருக்கிறதா? ஜன்னலைத் திறந்தால் படகுத்துறை இரைச்சல், மூடினால் புழுக்கம். உன் தாத்தா அந்தத் துறையில் மூட்டை தூக்கினார், என் தாத்தா அதே மூட்டைகளுக்குக் கணக்கு எழுதினார். நான் கொஞ்சம் பிகு பண்ணினால் போதும், "ஒன் தாத்தா பேனாவத்தான்டா தூக்குனாரு" என்று வாயை அடைப்பாய். அந்த அறையின் இரும்பு அலமாரியில் போலீஸ் லைசென்ஸோடு அந்த ரிவால்வர் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தது. குழலுக்குள் சுண்டுவிரல் நுழையும். கையில் வாங்கினால் தோள்பட்டை கீழே இறங்கும். படத்தில் அதைப் பார்த்தாலே ஜனங்கள் விசிலடித்தார்கள். அந்த அளவுக்குத் தோட்டா கடையில் கிடைத்த காலம் எப்போதோ போய்விட்டது. படப்பிடிப்புக்கு வேண்டிய வெற்றுத் தோட்டாவை, குண்டு இல்லாமல் சத்தமும் புகையும் மட்டும் தருவதை, நீயே பழைய பித்தளைக் கூடுகளில் அடைத்துக் கொடுத்தாய். நான் கேமராவில் ஃபோகஸ் பிடிக்கிறவன். நடிகன் ஓரடி நகர்ந்தால் என் விரலும் நகர வேண்டும். தூரத்தைக் கண்ணால் அளப்பதுதான் என் சோறு.

என் கண் போன விபத்துக்கு முந்தின நாள் ரிவால்வர் மக்கர் பண்ணியது. ஒரு தோட்டா வெடித்தது, அடுத்ததற்கு உருளை சுற்ற மறுத்தது. மின்தா ஸ்டைலாகக் குதிரையை இழுக்கிறான், அது அசையவில்லை. யூனிட்டே சிரித்துவிட்டது. டைரக்டர் உன்னைப் பார்த்துக் கத்தினார். மருந்து சரியில்லை, வீட்டில் அடைத்த தோட்டாவுக்கு இவ்வளவுதான் லட்சணம் என்றார். நீ ரிவால்வரை வாங்கி, குழலை ஆற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாய். வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கலாம், அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது என்பது உன் சட்டம். பிறகு திறந்து, ஆறு தோட்டாக்களையும் ஒரு வெள்ளைத் துண்டில் வரிசையாக, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினாய். எப்போது தகராறு என்றாலும் முதலில் அந்த வெள்ளைத் துண்டுதான் வரும்.

"மொதல்ல கூட்டப் பாரு, அப்புறம் கொழலப் பாரு, கடேசியா மருந்தத் திட்டு" என்று சொல்லிக்கொண்டே, வெடித்த கூட்டின் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து என் விரலையும் இழுத்து அதன்மேல் வைத்தாய். நடுவில் குதிரை அடித்ததும் தீப்பிடிக்கிற பொட்டு கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. குண்டு இருக்கிற தோட்டா என்றால் வெடிக்கிற வேகத்தில் கூடு பின்னால் அடித்து, வெளியே வந்த பொட்டைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுமாம். வெற்றுத் தோட்டாவுக்கு அந்த வேகம் இல்லை. வந்த பொட்டு வந்தபடியே நிற்கிறது. அது இடித்துக்கொண்டு உருளையைச் சுற்ற விடவில்லை. மருந்தில் ஒரு குறையும் இல்லை, கூடுதான் திருத்த வேண்டும் என்றாய். மறுநாளுக்குள் திருத்தியும் வைத்தாய். ஆனால் வீட்டில் அடைத்த தோட்டா என்ற சொல் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அந்தச் சொல்தான் மறுநாள் கம்பெனிக்காரர்களுக்குக் கைகொடுத்தது.

மறுநாள் படகுத்துறைக் கிடங்கில் காட்சி. மின்தா வில்லனைச் சுடுகிறான். வில்லன் கேமராவுக்கு வலப்பக்கம் நிற்பதாகப் பாவனை. அங்கே யாரும் நிற்கக் கூடாது என்று நீ கயிறு கட்டியிருந்தாய். நான் இடப்பக்கம் குனிந்திருந்தேன். நீ ரிவால்வரைத் திறந்து, குழல் வழியாக ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, பிறகுதான் தோட்டா போட்டு அவன் கையில் கொடுத்தாய். இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வாங்கினவன் நேராக வந்து நிற்காமல், பூஜைக்கு வைத்திருந்த தேங்காய் வாழைப்பழத் தட்டு இருந்த மூலைக்குப் போனான். எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு ரிவால்வரை நெற்றிக்கு உயர்த்தி முணுமுணுத்தான். சாமி கும்பிடுகிறான் என்று இருந்துவிட்டோம். திரும்பி வந்தான். சுட்டான். வழக்கமான சத்தம் இல்லை, தொண்டை கட்டின சத்தம். என் இடது கண்ணில் யாரோ நெருப்புக்குச்சியைச் செருகின மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஞாபகம் இருப்பது நீ என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தியதுதான்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ செய்த காரியத்தை நீயே பின்னால் சொன்னாய். போலீஸ் வந்து ரிவால்வரை எடுத்துப்போவதற்குள் கூடுகளை வெள்ளைத் துண்டில் அடுக்கினாய். ஆறும் முழுசாக இருந்தன, ஒன்றும் கிழியவில்லை, வீங்கவில்லை. அப்புறம் குழலைப் பார்த்தாய். உள்ளே ஒரு பக்கம் புதிதாகக் கீறல். சீலையை விட்டு இழுத்ததும் கிழிந்த தகட்டுத் துண்டு ஒன்று வந்தது, அதன் ஓரத்தில் பொட்டளவு தங்கரேக்கு. நீ அதைக் கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தாய். உன் தோட்டாக் கூடு கிழிந்த துண்டு இது என்றார் அவர். கூடு பித்தளை, இது செம்பு, நிறத்தைப் பாருங்கள், கூடுகள் முழுசாக இருப்பதைப் பாருங்கள் என்று துண்டை விரித்தாய். மின்தாவை வைத்து அடுத்தடுத்துப் படம் எடுக்க இருந்தவர் துண்டைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தாராம். அன்றே உன்னை லாக்கப்பில் வைத்தார்கள். லைசென்ஸ் போயிற்று, வேலை போயிற்று. நீ வெளியே வந்தபோது தாகேதாவில் கண்ணைப் பறித்தவன் என்று உனக்குப் பெயர் வந்திருந்தது. தையல் மெஷின் ரிப்பேர் பண்ணிப் பிழைக்கலாம் என்று வாசலில் போர்டு மாட்டினாய். உன் தெருப் பெண்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு உன் வாசலைத் தாண்டி அடுத்த வார்டுக்குப் போனார்கள். என் கண் போனதைக்கூட ஒரு நாள் மறப்பேன், அதை மறக்க மாட்டேன்.

டாக்டர் என் கண்ணிலிருந்து எடுத்ததை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். நீ வெளியே வந்ததும் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாய். உன் துண்டையும் என் துண்டையும் மேஜையில் ஒட்டி வைத்தாய். கிழிந்த ஓரம் கிழிந்த ஓரத்தோடு பொருந்தியது. கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பர்மிய எழுத்து கீறின மந்திரத் தகடு. நான் மூலையில் பார்த்ததைச் சொன்னேன். பத்திரிகைக்குப் போகலாம், இன்றைக்கே போகலாம் என்றேன். கொஞ்சம் பொறு என்று உன் பாதியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

அதற்குள் தடிஞ்சு வந்துவிட்டது. மின்தா அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாகேதாவுக்கு வந்து உன் காலில் விழுந்தான். சோதிடர் ஒருவர் அவனுக்குக் கெட்ட காலம் என்று பரிகாரம் சொல்லியிருக்கிறார். தங்கரேக்கு ஒட்டின தகட்டைச் சுருட்டித் துப்பாக்கிக் குழலில் போட்டு, இந்தப் படத்தில் சுடுகிற முதல் சூட்டில் கெட்ட காலத்தையும் சேர்த்துச் சுட்டுவிட வேண்டுமாம். வெற்றுத் தோட்டாதானே, என்ன ஆகிவிடும் என்று இந்த மகாராஜா போட்டிருக்கிறான். குண்டு என்றால் நேரே போயிருக்கும். சுருட்டின தகட்டுக்கு நேர் ஏது கோணல் ஏது, அது என்னைத் தேடி வந்தது. அவனுடைய கெட்ட காலம் போய்ச் சேர்ந்த இடம் என் கண்.

அவன் விழுந்தான், அழுதான், நீ பொறுத்துக்கொண்டாய். மறுநாள் என்னிடம் வந்து, "யாபாடே, போவட்டும்" என்றாய். பரவாயில்லை என்பதற்குப் பர்மாக்காரன் சொல்கிற அந்த யாபாடே உன் வாயில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். குடை தொலைந்தாலும் யாபாடே, பஸ் போய்விட்டாலும் யாபாடே. என் கண்ணுக்கும் அதையே சொன்னாய்.

"கால்ல விழுந்துட்டான்டா. விழுந்தவன நான் எப்படிப் போட்டுக் குடுக்க?"

"அவன் விழுந்தது ஒன் கால்ல. போனது என் கண்ணு" என்றேன்.

தகட்டின் உன் பாதியைக் கேட்டேன். தர மாட்டேன் என்றாய். என் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு நான் யாரிடம் போக? ஏதோ செம்புத் துணுக்கு என்பார்கள்.

அதிலிருந்து வருஷா வருஷம் தடிஞ்சு அன்று அவன் கார் உன் சந்து முனையில் வந்து நின்றது. உன் வார்டே கூடி வேடிக்கை பார்த்தது. பெரிய நடிகன், பழசை மறக்காமல் வந்து கும்பிடுகிறான், என்ன பண்பு என்று அவனுக்குப் புகழ். அவன் உனக்குச் செய்த பாவத்துக்குக்கூட நீதான் விளம்பரம் பிடித்துக் கொடுத்தாய். நான் மறுநாள்தான் வருவேன். அவன் கொண்டுவந்த பிஸ்கட்டை நீ எனக்குத் தட்டில் வைப்பாய். நான் தட்டைத் தள்ளிவிடுவேன். ஞாயிறு ஆராதனையில் மன்னிப்பு வருகிற வரியில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வதைக் கேள்விப்பட்டு நீ சிரித்தாய். "ஒங்க சாமி மன்னிக்கச் சொல்லுது, எங்க காளி வெட்டச் சொல்லுது. நாம ரெண்டு பேரும் சாமிய மாத்திக்கிட்டமா என்னா?" என்றாய். நான் சிரிக்கவில்லை. இப்போதும் சிரிக்கவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி ஒரு தைல டப்பாவை என் கையில் கொடுத்தாள். உங்களிடம் கொடுக்கச் சொன்னார் என்றாள். திறந்தால் தகட்டின் உன் பாதி. உயிரோடு இருக்கும்வரை தராதவன் செத்த பிறகு கொடுத்திருக்கிறாய். சரி, இப்போதாவது கொடுத்தாயே.

ஆகவே நாளைக்கு இப்படிச் செய்யப்போகிறேன். கடையில் இருக்கிற ஒரே நாற்காலியை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். உட்கார்ந்தால்தானே கதோ? நான் நிற்பேன். அவன் விழட்டும், அந்தக் கும்பிடு மரத்தூளில் விழுந்து கிடக்கட்டும். உன் வழக்கப்படி ஒரு வெள்ளைத் துண்டை விரித்து இரண்டு பாதியையும் அதில் வைப்பேன். தெருவில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அவனாக ஒப்புக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் நான் சொல்வேன். உன் பெயரில் ஒட்டின அழுக்கை அவன் முகத்தில் பூசாமல் அனுப்ப மாட்டேன். உன் ஆள் ஒருவர் பார்க்க இருக்க வேண்டும் என்பதற்காக உன் மனைவியையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீ இருந்தால் தடுத்திருப்பாய். இல்லாமல் போனதும் ஒரு வகையில் நல்லதுதான். இப்படி எழுதியதற்காக வருத்தப்பட மாட்டேன்.

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். காரியம் நான் போட்ட திட்டப்படி நடக்கவில்லை. வரிசையாகச் சொல்கிறேன், நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு வசதி.

உன் மனைவி காலையிலேயே தாகேதாவிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். நாற்காலி எங்கே என்று கேட்டாள். நான் மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்தேன், அவளும் விட்டுவிட்டாள். அவன் வந்தபோது மார்க்கெட் முழுக்க என் கடை வாசலில் நின்றது. மீன்காரிகள், டீக்கடைக்காரர், கல்லூரிப் பெண்கள், எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மின்தா காரிலிருந்து இறங்கித் தட்டைத் தானே சுமந்துகொண்டு வந்தான். முடிக்குச் சாயம், முகத்தில் பவுடர். வாசலைத் தாண்டி உள்ளே வந்தவன் மேஜையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

அவன் பார்த்தது என்னை அல்ல, வெள்ளைத் துண்டை. அதன்மேல் தகடு முழுசாக இருப்பதைப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்தான். நான் நிற்கிறேனா உட்கார்ந்திருக்கிறேனா என்றுகூடப் பார்க்காமல் மரத்தூளில் மண்டி போட்டு, விழுந்து எழுந்து, கையைக் கூப்பிக்கொண்டு, பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி பர்மியத்தில் சொல்ல ஆரம்பித்தான். நான் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னாலேயே!

"குழலுக்குள்ள தகட்டப் போட்டது நான். தோட்டாவுல குத்தமில்ல, அடைச்சவர் மேலயும் குத்தமில்ல. தெரிஞ்சும் வாயத் தொறக்காம, அவர் மேல பழிய விழ விட்டதும் நான்."

இதை யார் சொல்லச் சொன்னது என்று கேட்டேன்.

ஊலே தான் என்றான். உன்னைத்தான் சொன்னான், பர்மியத்தில் மாமா முறை. முதல் வருஷத்திலிருந்து உன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைத் துண்டில் உன் பாதித் தகட்டை வைத்து, இதை அவன் வாயால் சொல்ல வைத்தாயாம். ஒரு வார்த்தை குறைந்தால் முதலிலிருந்து சொல்லச் சொல்வாயாம். சொல்லி முடித்துக் கும்பிட்டுக் காத்திருந்தால், ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தானாம்.

"என் பங்க மன்னிச்சுட்டேன். கண்ணோட பங்கு என் கையில இல்ல. அது க்யிம்யிண்டைங்ல இருக்கு, அங்க போய்க் கேளு, அப்படின்னு சொல்வாரு" என்றான்.

இத்தனை வருஷமாக ஏன் வரவில்லை என்று கேட்டேன். நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும், பயம் என்றான். அந்த ஒரு விஷயத்தைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தான்.

நான் உன் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"சொன்னா நீங்க பாதியிலேயே சமாதானமாயிருவீங்களாம்ணே. அவன் வர்ற வரைக்கும் ஒங்க கோவம் கொறையாம இருக்கட்டும்னாரு."

அடப்பாவி! என்னைக்கூட உன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாய். உன் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. யாபாடே யாபாடே என்று ஊரை ஏமாற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவனை வருஷா வருஷம் மண்டி போட வைத்திருக்கிறாய். நான் நினைத்ததைவிட நீ பெரிய வன்மக்காரன். இது தெரிந்திருந்தால் அந்தப் பிஸ்கட்டில் ஒன்றாவது தின்றிருப்பேன்.

ஆனால் நீ ஓர் இடத்தில் தப்புச் செய்துவிட்டாய். கதவைச் சாத்தியிருக்கக் கூடாது. உன் மெஷின் போர்டைத் தாண்டிப் போன பெண்களுக்கு அது கேட்கவில்லையே. அந்தத் தப்பை நான் திருத்தினேன். அவனை எழுந்து வாசலுக்கு வரச் சொன்னேன். தெருவைப் பார்த்து மண்டி போட்டு, சொன்னதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். மேனேஜர் பெண் ஓடிவந்து ஏதோ சொல்லப் பார்த்தாள், அவனே கையால் தடுத்தான். பிறகு சொன்னான். நடிகன்தானே, குரல் மீன் சந்தைவரைக்கும் போயிற்று. கூட்டத்தில் ஒரு பெண், இது எந்தப் படம் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இது வசனம் இல்ல. நடிக்காமச் சொல்லு. அவரு பேரையும் சேத்துச் சொல்லு" என்றேன்.

இரண்டாவது தடவை குரல் எடுபடவில்லை. உன் பெயரையும் சேர்த்துச் சொன்னான். பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது. இந்த முறை யாரும் எந்தப் படம் என்று கேட்கவில்லை. டீக்கடைக்காரர் போனை இறக்கிவிட்டார். உன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். உன் பெயர் க்யிம்யிண்டைங் தெருவில், அத்தனை போன்களுக்கு முன்னால், அவன் வாயாலேயே சுத்தமாயிற்று. இந்நேரம் அது தாகேதாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

சொல்லி முடித்தவன் என் பக்கம் திரும்பிக் கூப்பிய கையோடு காத்திருந்தான். வாழ்த்து வர வேண்டும், அப்போதுதான் கையை இறக்கலாம். உன் மனைவி உள்ளே போய் நாற்காலியைக் கொண்டுவந்து என் பின்னால் போட்டாள். நான் உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்தேன். நின்றுகொண்டே இருந்தால் அவன் கும்பிட்டது யாருக்கும் இல்லாமல் போய்விடும், என் கண்ணுக்கு வந்து சேர வேண்டியதை நானே தெருவில் விட்டதாகும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. தெரு முழுக்க என் வாயைப் பார்த்தது. அவன் முழங்கை தாழ்ந்தது, திரும்ப உயர்த்தினான், வயசாகிவிட்டதே. நான் அவசரப்படவில்லை. வெடிக்காத தோட்டாவோடு நீ ஆற்றைப் பார்த்து நிற்பாயே, அந்த மாதிரி இருந்தேன். மன்னிக்கிற சொல் வருகிறதா என்று உள்ளே பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். வரவில்லை. வராததில் எனக்கு வருத்தமும் இல்லை.

"அடுத்த வருஷமும் வா" என்றேன். "கைய எறக்கிக்க."

அவன் தலையை ஆட்டிவிட்டு எழுந்தான். வருவான். வராமல் இருக்க முடியாது, இனி தெருவே அவனை எதிர்பார்க்கும்.

தட்டில் இருந்த பழத்தைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். துண்டையும் சோப்பையும் உன் மனைவி எடுத்துப்போனாள். தகட்டின் இரண்டு பாதியும் இப்போது உன் தைல டப்பாவில் ஒன்றாகக் கிடக்கின்றன, டப்பா என் சட்டைப்பையில் இருக்கிறது. நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் உன் பெயரைச் சேர்த்ததைத் தவிர நான் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. கதவை மட்டும் திறந்துவைத்தேன்.